இங்கிலீஷ்காரர் பாதியில் நிறுத்திய கதை

சிரிக்கிற ஆளிடம் விளக்கைக் கொடுக்காதீர்கள். உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நான் நினைத்துவைத்திருப்பதில் முதலாவது இதுதான்.

மொன்றியல் நகைச்சுவை மண்டபங்களில் இப்போது கதவிலும் ஒலிப்பெட்டியிலும் மேடைக்குப் பின்னாலும் எங்கள் பிள்ளைகள் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஒன்றிரண்டு பேர் மேடையிலேயே ஏறுகிறீர்களாம். "ஆன்ரி, நீங்கள் இந்த வேலையில இருந்தனீங்கள்தானே, ஒருநாள் வந்து எங்களுக்குக் கதையுங்கோ" என்று கேட்டீர்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் எழுதியது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கதையைத் திருத்தவேண்டாம். ஏன் என்று போகப்போக விளங்கும்.

விளக்கு என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. மேடையில் நிற்பவருக்கு நேரம் போவது தெரியாது. அதனால் கூட்டத்தின் பின்னால் சுவரோரம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முடிக்கவேண்டிய நேரம் வந்ததும் சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச் லைட்டை உயர்த்திக் காட்டுவார். கண்டதும் மேடையில் நிற்பவர் முடித்துக்கொண்டு இறங்கவேண்டும். இறங்காமல் நிற்பது அடுத்தவரின் சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடுவது மாதிரி. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

நான் அங்கே சேர்ந்தது கோட்டுகளை வாங்கி மாட்டவும் கிளாஸ் கழுவவும்தான். வீட்டுக்காரர் கண்ணை மூடி, மகன் கலியாணம் முடித்து லவாலுக்குப் போய்விட்ட காலம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சம் கழிந்திருக்கும். மண்டபத்தை நடத்தியவர் ஒரு கியூபெக் பெண். நான் மாதாம் என்பேன். விளக்குக்கு யாரை வைத்தாலும் அவர்கள் பகிடியில் மயங்கிச் சிரித்து நேரத்தை மறந்துபோவார்கள். ஒருநாள் அதனால் மேடைக்குப் பின்னால் கைகலப்பே வந்தது. மாதாம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கதவோரம் கோட்டுகளோடு நின்ற என்னைக் காட்டி, "இந்த மனுசி ஒருநாளும் சிரிக்கிறதில்லை. அவவிட்டக் குடுங்கோ" என்றார்.

விளங்கினால்தானே சிரிப்பதற்கு! எனக்குத் தெரிந்தது பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும், கொஞ்சம் கடை இங்கிலீஷும். அப்படித்தான் விளக்கு என் கைக்கு வந்தது.

வருஷம் போக விளங்கத் தொடங்கியது. அதோடு அதிர்ச்சியும் தொடங்கியது. பெற்ற தாயைப் பற்றி, படுக்கையைப் பற்றி, கக்கூஸைப் பற்றி, ஊர் பேர் தெரியாத சனத்துக்கு முன்னால் நின்று ஒரு மனிதர் வாய் கூசாமல் சொல்வதும், அதற்குச் சனம் கை தட்டுவதும்! இருட்டுக்குள் இருந்து எத்தனையோ தரம் சிலுவை போட்டிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் என்ன வேலை என்று முழுதாகச் சொல்லவில்லை. "கோட் மாட்டுற வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்படிப்பட்ட ஒரு கோடையில்தான் அந்த இங்கிலீஷ்காரர் வந்தார். அவருடைய பெயரைப் போடமாட்டேன். போட்டால் நீங்கள் போனில் அவரைத் தேடப் போய்விடுவீர்கள், என் கதையை விட்டுவிடுவீர்கள்.

அறுபது தாண்டிய ஆள். முழங்கால் சரியில்லை. இடது கையில் ஒரு விரலின் நுனி இல்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகம்தான் ஊர். தகப்பன் ஐஸ் உடைக்கிற தொழிலாளி, தாய் மீன் வெட்டுகிறவள். இவரும் மீசை முளைக்கும் முன்னரே துறைமுகத்துக்குப் போய்விட்டார். விரல் போனதும் அங்கேதான். காலையில் கூலிக்கு ஆள் எடுக்கிற இடத்தில் குளிரில் வரிசையாக நிற்கும்போது பகிடி விட்டு மற்றவர்களைச் சிரிக்கவைப்பாராம். சிரித்துக்கொண்டு நின்றவர்களைக் கங்காணி முதலில் எடுப்பானாம். "பகிடியால சாப்பாடு வரும் எண்டு அண்டைக்குத்தான் கண்டன்" என்றார்.

பிறகு தொழிலாளர் கிளப்புகளில் மேடை ஏறியிருக்கிறார். அங்கே சனம் வருவது பிங்கோ விளையாடவும் பியர் குடிக்கவும். நடுவில் ஒருவர் வந்து பகிடி சொல்லிவிட்டுப் போகவேண்டும். இவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிளப் செயலாளர் மேடையில் ஏறி, மைக்கைப் பறித்து, "சூடான இறைச்சிப் பற்றீஸ் வந்திட்டுது" என்று அறிவிப்பாராம். அவ்வளவுதான், மண்டபம் காலி. கொஞ்சக் காலம் டெலிவிஷனிலும் வந்திருக்கிறார். பிறகு பல்கலைக்கழகத்தில் படித்த இளம் பெடியள் அந்தத் தொழிலுக்கு வர, இவரைக் கூப்பிடுவாரில்லை. மனைவியும் புற்றுநோயில் போய்விட்டாள். கப்பல்களில் உல்லாசப் பயணிகளுக்குப் பகிடி சொல்லித் திரிந்தவரை மாதாம் ஒரு கோடைக்கு மொன்றியலுக்குக் கூப்பிட்டிருந்தார். ஒரு டெப்பனருக்கு, அதாவது மூலைப் பலசரக்குக் கடைக்கு, மேலே இருந்த அறையில் தங்கினார்.

அவருடைய இங்கிலீஷ் மாதாமுக்கும் மற்றவர்களுக்கும் பாதிதான் பிடிபடும். எனக்கு நன்றாகப் பிடிபட்டது. நேருக்கு நேர் இங்கிலீஷ் கதைத்துப் பழகியதே அவரிடம்தான், மேடையில் கேட்டது போக வேறு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதையெல்லாம் என் காதில் விழுந்த மாதிரி எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

பின்னேரங்களில் மண்டபம் திறக்கும் முன் அவர் தன் சேர்ட்டைத் தானே அயர்ன் செய்வார். நான் பக்கத்தில் கிளாஸ் துடைப்பேன். என் மணிப்பர்சில் வீட்டுக்காரரின் நினைவஞ்சலிப் படம் இருந்தது. ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "ஆர் இது? பெயர் என்ன?" என்று கேட்டார்.

"என்ர அவர்."

"அது தெரியுது. பெயர்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில், என் வயதுப் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆள் போனபிறகும் வாய் வரவில்லை. அவர் விடாமல் கேட்டபடியால், காரணம் சொல்லப்போய் ஆசுப்பத்திரிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

வீட்டுக்காரருக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்குகிற வேலை. ஒரு லீவு நாளில் பால் வாங்க இரண்டு பேரும் கீழே இறங்கினோம். கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அட்டை எதுவும் எடுத்து வரவில்லை. அம்புலன்ஸில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒரு கதவுக்குள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் இருந்த பெண் பேனையோடு கேட்கிறாள்: "பெயர்?"

எத்தனையோ வருஷம் நான் சொல்லாத பெயர். உள்ளே அவர் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறார். அந்த நேரம் பார்த்து அதைச் சொல்லி, உள்ள ஆயுளையும் நான் குறைப்பேனா?

"பிள்ளையளின்ர அப்பா" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பாஷைப் பிரச்சினை என்று நினைத்து ஹிந்தி தெரிந்த ஒரு தாதியைக் கூட்டிவந்தாள். அவளுக்கும் நான் தலையை ஆட்டினேன். எழுதச் சொன்னார்கள். எழுதலாம், அதில் குற்றமில்லை. தமிழில் எழுதிக் கொடுத்தேன். தாளை மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார்கள். குடும்பப் பெயரையாவது கேட்டார்கள், எனக்கு இருந்தது என் தகப்பன் பெயர்தான். கடைசியில் பெயரில்லாத ஆள் என்று அவர் கையில் பட்டி கட்டிவிட்டார்கள். எந்த மாடி, எந்த அறை என்று கேட்கவும் எனக்குப் பெயர் வேண்டும். நான் ஒவ்வொரு தாழ்வாரமாக அழுதுகொண்டு திரிந்தேன்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெயர் கேட்டது. பிலோமினா. யாரோ என்று நினைத்து நடந்தேன். திரும்பவும் பிலோமினா. என் பெயர்! வீட்டில் அவர் என்னை "இஞ்சேரும்" என்றுதான் கூப்பிடுவார். இந்த நாட்டில் இந்தக் கட்டடத்தில் என் பெயர் யாருக்குத் தெரியும்? உள்ளே படுத்திருக்கிற ஒருவருக்குத்தான். அப்படியென்றால் ஆள் கதைக்கிறார். ஆள் இருக்கிறார்!

ஓடிப்போய்ப் பார்த்தால், நெஞ்செல்லாம் வயர் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார். எனக்கு வந்த கோபத்தில், "ஊருக்கெல்லாம் என்ர பெயரைக் கூவ வைச்சிட்டியளே! வெக்கமா இல்லையோ?" என்று ஏசிப் பேசினேன்.

"நீர் என்ர பெயரைச் சொல்லமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் உம்மட பெயரைச் சொன்னனான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் மெஷின் கத்தி, தாதிமார் ஓடிவந்தார்கள். அதன்பிறகு சில வருஷம் நன்றாக இருந்துதான் போனார்.

இதைக் கேட்டு இங்கிலீஷ்காரர் சிரிக்கவில்லை. அயர்ன் பெட்டியைச் சேர்ட்டின்மேல் வைத்தபடி நின்றார். சேர்ட் கருகி மணக்கத் தொடங்கியது. "இது நல்ல கதை" என்றார். அவ்வளவுதான்.

பிள்ளைகளே, மேடை ஏறுகிற ஒருவர் "இது நல்ல கதை" என்று சொன்னால் அவர் உங்களைப் பாராட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்து, கோடைவிழாப் பெரிய மேடைக்கு ஆள் தெரிவுசெய்கிற இரண்டு பேர் மண்டபத்துக்கு வந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். வசதியாகப் பின்னால், என் பக்கத்து மேசையில் இருந்தார்கள். பெரிய மேடை கிடைத்தால் டெலிவிஷன். அந்த வயதில் இன்னொரு தரம் அவரை யாரும் பார்க்க வரப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும், மாதாமுக்கும் தெரியும், கிளாஸ் கழுவுகிற எனக்கும் தெரியும்.

அவர் மீன் துறைமுகக் கதைகளோடு தொடங்கினார். அன்று வந்திருந்த கூட்டம் இளம் கூட்டம். ஐஸையும் மீனையும் அவர்கள் எங்கே கண்டார்கள்? ஒரு விஷயம் சொல்லித் தருகிறேன்: கிளாஸுக்குள் ஐஸ் கட்டி கிலுங்குகிற சத்தம் உங்களுக்குக் கேட்டால், மேடையில் நிற்பவர் ஆபத்தில் இருக்கிறார். அன்று எனக்கு ஒவ்வொரு மேசையிலிருந்தும் கேட்டது. தெரிவுசெய்கிற பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவர் ஒருகணம் நிறுத்தினார். என் பக்கம் பார்த்தார்.

"இஞ்ச வேலை செய்யிற ஒரு மனுசி இருக்கிறா. தமிழ் மனுசி. புருசன்காரன் பிளேன் துடைக்கிறவர்..."

டோர்ச்சை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஆசுப்பத்திரி வாசல் வந்தது. பேனையோடு பெண் வந்தாள். பெயர் கேட்டாள். பிறகு அவர் நானாக மாறினார். என் குனிந்த தலை, சீலைத் தலைப்பைப் பிடிக்கிற என் விரல், என் சின்னக் குரல். என்னை நான் அப்படி வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல்தரம். சனம் விழுந்து சிரித்தது. ஹிந்தித் தாதி வந்தாள், இன்னும் சிரித்தது. தாள் மேலும் கீழுமாகத் திரும்பியது, மண்டபம் அதிர்ந்தது. பக்கத்து மேசைப் பெண் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு மேசையில் அடித்து அடித்துச் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தது நான் ஒருத்திதான்.

முதலில் எனக்கு வந்த எண்ணம், இப்போதே விளக்கைக் காட்டி ஆளை இறக்கிவிடலாம் என்பதுதான். நேரம் வரவில்லை. காட்டவில்லை. பிறகு நேரம் வந்தது. அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்றால், வீட்டுக்காரர் கையில் பெயரில்லாத பட்டியோடு உள்ளே கிடக்கிறார், நான் வெளியே பேந்தப் பேந்த முழிக்கிறேன். ஒலிபெருக்கி இன்னும் வரவில்லை. இப்போது காட்டினால் என்னுடைய அவர் அந்தக் கட்டிலிலேயே கிடப்பார். காட்டாவிட்டால் இவர் நேரம் தாண்டுவார், அதுவும் தெரிவுசெய்கிறவர்களின் கண்ணுக்கு முன்னால்.

காட்டினேன்.

அவர் கண்டார். சிரிப்பு உச்சியில் இருந்தபோதே கையை உயர்த்தி, குனிந்து, இறங்கிவிட்டார். கைதட்டல் ஓயவில்லை. மாதாம் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நான் கிளாஸ் கழுவப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் அங்கே வந்தார். "கோவமோ?"

நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"சொல்லுங்கோ. பேசினாலும் பரவாயில்லை."

"அந்தாள் செத்துப்போனார்."

"தெரியும்."

"அவரைக் கட்டிலில விட்டிட்டு இறங்கிட்டியள். பெயர் இல்லாமல்."

"நீங்கள்தானே விளக்குக் காட்டினது?"

"நேரம் வந்தது, காட்டினன். உங்களை ஆர் அந்தக் கதையைத் தொடங்கச் சொன்னது?"

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "நான் வளர்ந்த கிளப்புகளில ஒரு கதையையும் முடிவு மட்டும் சொல்ல விடமாட்டினம். எந்த நேரமும் பற்றீஸ் வரும். சிரிப்பு வந்த இடத்தில இறங்கிப் பழகிட்டன். முடிவு எண்டு ஒண்டு இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு."

அடுத்த நாள் செய்தி வந்தது. பெரிய மேடைக்கு அவரை எடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது மீன் கதை இல்லை, ஆசுப்பத்திரிக் கதை. அது இல்லையென்றால் அவரும் வேண்டாம். மாதாம் என் இரண்டு கையையும் பிடித்தபடி, "பிலோமென், சில்வுப்ளே. மனுசனுக்கு இதுதான் கடைசி" என்று கெஞ்சினார். இங்கிலீஷ்காரர் மட்டும் கெஞ்சவில்லை. "வேண்டாம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. நான் ஊருக்குப் போறன்" என்றார்.

இப்படி ஒரு தீர்ப்பு என் கையில் வருமென்று நான் நினைத்ததே இல்லை. கடையில் பழுதான மரக்கறியை மாற்றிக் கேட்கவே வெட்கப்படுகிறவள் நான். வேண்டாம் என்றால் ஒரு வயதானவரின் பிழைப்பு போகும். ஓம் என்றால் என் மனுசனை வைத்து நகரமே சிரிக்கும். யாரிடம் கேட்பது? மகனிடம் கேட்டால், "அம்மா, உந்த வேலையை விடுங்கோ" என்பான். கேட்கவேண்டிய ஒரே ஆள் படத்தில் இருந்தார். இரண்டு நாள் யோசித்தேன்.

"சொல்லுங்கோ" என்றேன். "ஆனா நான் போய் அவரைக் காணுற மட்டும் சொல்லோணும். பாதியில இறங்கக் கூடாது. என்ர பெயரும் வேண்டாம்."

"பெயர் இல்லாமல் ஒலிபெருக்கியில என்னத்தைக் கூப்பிடுறது?"

"வேற ஆரின்ரையும் பெயரைப் போடுங்கோ."

அவர் தன் கையைப் பார்த்தார். "என்ர மனுசியின்ர பெயரைப் போடட்டே?" என்று கேட்டார்.

மேடையில் எவ்வளவோ பேரைப் பகிடி பண்ணியவர், மனைவியைப் பற்றி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. "போடுங்கோ" என்றேன்.

பின்னேரங்களில் எனக்கு முன்னால் சொல்லிப் பழகினார். ஒலிபெருக்கி இடம் வந்ததும் குரல் உடைந்துவிடும். "இஞ்ச சிரிப்பே இல்லை. வெறும் தரை. வழுக்கி விழப்போறன்" என்பார்.

"நான் அவரைப் பேசினதைச் சொல்லுங்கோவன். செத்துப் பிழைச்சுக் கிடக்கிற மனுசனைப் பிடிச்சுப் பேசினன். அது பகிடிதானே?"

அப்போதுதான் அவர் அந்தக் கதைக்கு முதல்தரம் சிரித்தார்.

பெரிய மேடை அன்று மாதாமோடு மேல் மாடியில் இருந்தேன். அங்கே டோர்ச் லைட் இல்லை, மேடையின் கீழே ஒரு சிவப்பு பல்ப். சனத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தாள் திரும்புகிற இடத்தில் அந்தப் பெரிய கூட்டம் ஒரேயடியாகச் சிரித்தபோது பல்ப் எரிந்தது. அவர் கண்டார். எல்லாரும் இறங்குகிற இடம். கை உயர்த்தப் போனவர், கையை இறக்கிவிட்டார். நின்றார்.

ஒலிபெருக்கியில் தன் மனைவியின் பெயரைக் கூப்பிட்டார். ஒருதரம். பிறகு இன்னொருதரம்.

அத்தனை சனம் இருந்த மண்டபத்தில் ஒரு செருமல்கூட இல்லை. பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. கதையில் நான் ஓடிப்போய் என்னுடைய அவரைக் கண்டேன், பேசினேன், அவர் பதில் சொன்னார். சனம் சிரித்தது. முதல் சிரித்த சிரிப்பு இல்லை அது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மாதாம் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். மேடைக்குப் பின்னால், நேரம் தாண்டியதற்காக அவரைக் கண்டபடி பேசினார்களாம். அந்த மேடைக்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. ஊருக்குப் புறப்படும்போது, "ஒருதரம் முடிச்சுப் பாத்திட்டன்" என்று மட்டும் சொன்னார்.

என் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயிலின் கீழ் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றோம். திரேசம்மா என்ற எங்கள் கோயில் பெண், தங்கை மகளின் கலியாணத்துக்கு லண்டன் போய் வந்திருந்தாள். எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள்: "பிலோமினாக்கா! உங்கட கதை பிளேனில ஓடுது!"

"என்ன கதை?"

"முன் சீற்றின்ர முதுகில குட்டி டிவி இருக்கெல்லே, அதில ஒரு வெள்ளைக் கிழவன் சொல்லுறான். ஆசுப்பத்திரியில புருசனைத் துலைச்ச தமிழ் மனுசி. புருசன் பிளேன் துடைக்கிறவராம். உங்களை விட்டா ஆர் அது? வெள்ளையள் ஹெட்ஃபோனோட குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குதுகள்!"

"பேந்து? பிறகு?"

"பேந்து என்ன? அந்தத் தாளைத் திருப்புறாங்கள், எல்லாரும் சிரிக்கினம். அவ்வளவுதான், முடிஞ்சுது. அடுத்த ஆள் வாறான்."

வெட்டிவிட்டார்கள். அவர் இறங்காமல் நின்று சொன்னதை, எங்கேயோ ஓர் அறையில் இருந்து சிரிப்போடு வெட்டி எடுத்துவிட்டார்கள். கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தேன். வீட்டுக்காரர் வருஷக்கணக்காகத் துடைத்த இருக்கைகள் அவை. அந்த இருக்கைகளின் முதுகில் இப்போது அவர் பெயரில்லாமல் கிடக்கிறார்; உலகம் முழுக்கப் பறக்கிறார்!

தொலைபேசி அட்டை வாங்கி இங்கிலீஷ்காரருக்கு எடுத்தேன். அவருக்கும் தெரியாது. பிறகு சொன்னார்: "பிளேனுக்கு என்னால ஒண்டும் செய்யேலாது. உங்கட கோயிலுக்கும் நான் வரேலாது. அங்க மிச்சத்தைச் சொல்ல ஆர் இருக்கினம்?"

அடுத்த ஞாயிறு திரேசம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "இந்தா, புருசனைத் துலைச்சவ வாறா" என்று ஒருத்தி. வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவரை அங்கே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. "துலைச்சது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்" என்று தொடங்கினேன். முழுவதையும் சொன்னேன். ஒலிபெருக்கி வந்தபோது திரேசம்மாவின் கண் கலங்கியது. நான் அவரைப் பேசியதைச் சொன்னபோது எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். சத்தம் கேட்டு பாதிரியார் எட்டிப்பார்த்தார்.

பிள்ளைகளே, அந்தச் சிரிப்பு என் மேலே பட்டது எப்படியிருந்தது என்று என்னால் எழுத முடியவில்லை. பிடித்திருந்தது. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பிறகு ஒவ்வொரு ஞாயிறும், "அக்கா, இவவுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கோ" என்று யாரையாவது கூட்டிவருவார்கள். சொல்வேன். எந்தச் சொல்லில் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் சற்று நிறுத்தினால் இன்னும் கூடுதலாகச் சிரிக்கிறார்கள் என்றும் தெரிந்துகொண்டேன். ஹிந்தித் தாதி மட்டும் போதாது என்று ஒரு கிரேக்கப் பாதிரியாரையும் கூட்டிவந்தேன். அவர் உண்மையில் வரவே இல்லை. ஆனால் நீண்ட தாடியோடு அவர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கும்போது சனம் தாங்காது.

ஒரு ஞாயிறு, புரோசார்டிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு பஸ் தரிப்பிடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல குளிர். கிரேக்கப் பாதிரியார் தாளைத் திருப்பினார். எல்லாரும் குனிந்து குனிந்து சிரிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து என் பஸ் வந்து நின்றது. நான் கையை உயர்த்தி, தலையைக் குனிந்து, சிரிப்பு ஓயும் முன் பஸ்ஸில் காலை வைத்துவிட்டேன்.

அந்தக் குடும்பத்தில் ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாளேயான ஒரு மருமகள் இருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, அப்ப அந்த ஐயா பிழைச்சாரோ?" என்று கேட்டாள்.

டிரைவர் என்னைப் பார்த்தான். "மாதாம்? ஏறுறீங்களோ?"

உள்ளே சூடு. அடுத்த பஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வெகுநேரம் நிற்கவேண்டும். பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கினேன். பஸ் போனது. முதலில், அந்தக் கிரேக்கப் பாதிரியார் அன்றைக்கு வரவே இல்லை என்று சொன்னேன். பிறகு மிச்சத்தைச் சொன்னேன்.